நிறை சரியாக இருந்தால் இதயம் பொருந்திவிடுமா?

(இதயம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர், சென்னையில் இதய சத்திரசிகிச்சைக் கூடங்களில் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கிய பெர்ஃபியூஷனிஸ்ட். இப்போது இலங்கையின் ஒட்டுசுட்டானில் வசிக்கிறார்.)

கேள்வி: என் தம்பிக்கு 41 வயது. இதயத் தசை தளர்ந்து இதயம் பெருத்துவிட்டது என்று சொல்லி, சென்னையில் மாற்று இதயத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். உயரம் 168 சென்ரிமீற்றர். உடம்பில் நீர் கோத்திருந்தபோது நிறை 61 கிலோ, நீர் வற்றிய பிறகு 52. நல்லாயிருந்த காலத்திலும் அவன் 53க்கு மேல் போனதில்லை. போன மாதம் ஓர் இதயம் இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். கொடுப்பவர் 30 வயதுப் பெண், 155 சென்ரிமீற்றர், 60 கிலோ என்றார்கள். எங்கள் பெரியப்பா, "பொம்பிளையின்ர இதயம் ஆம்பிளைக்குக் காணாது" என்று ஒரே பிடியாக நின்றார். நாங்கள் முடிவு சொல்வதற்குள், அந்த இதயத்தில் வேறு குறை இருப்பதாகச் சொல்லி அவர்களே விட்டுவிட்டார்கள். இனி இப்படி ஒன்று வந்தால் ஏற்கலாமா?
- ஓர் அக்கா, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, உங்கள் பெரியப்பாவின் பயத்தை நான் ஒதுக்கிவிடமாட்டேன். அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் ஆணா பெண்ணா என்பதோடு அவர் நின்றுவிட்டார். இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

உலகத்தில் முதன்முதலில் ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றி வைத்த இதயமே ஒரு பெண்ணுடையதுதான். 1967 டிசம்பர் 3ஆம் திகதி, தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில், குரூட் ஷூர் ஆஸ்பத்திரியில் டொக்டர் கிறிஸ்ரியான் பர்னாட் செய்த சத்திரசிகிச்சை அது. வீதி விபத்தில் மூளை மீளமுடியாதபடி அடிபட்ட 25 வயது டெனிஸ் டார்வலின் இதயம், ஐம்பது தாண்டிய லூயிஸ் வாஷ்கான்ஸ்கிக்குப் போனது. அவர் 18 நாள் உயிரோடு இருந்தார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது நிமோனியா. பெண்ணின் இதயம் போதாமல் அவர் இறக்கவில்லை.

அதன் பிறகு பல நாடுகளில் பல்லாயிரம் பேருக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது, பெண்ணின் இதயத்தைப் பெற்ற ஆண்களின் நிலை, ஆணின் இதயத்தைப் பெற்ற ஆண்களைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருந்தது. பால் வேறுபாட்டையே காரணமாக நெடுங்காலம் சொன்னார்கள். 2014இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு அதைப் பிரித்துப் பார்த்தது. இதயத்தின் உண்மையான அளவையும் கணக்கில் சேர்த்தபோது, பால் வேறுபாட்டால் வந்ததாக நினைத்த பின்னடைவை அளவு வித்தியாசமே விளக்கிவிட்டது. பெரியப்பா பயந்தது அளவைத்தான். அதற்கு அவர் வைத்த பெயர் மட்டும் வேறு.

இனி அளவை எப்படி அறிவது? கொடுப்பவரின் நெஞ்சைத் திறந்து தராசில் வைத்துப் பார்க்க முடியாது. அதனால் நீண்டகாலம் உடல் நிறையையே பிடித்துக்கொண்டார்கள். கொடுப்பவரின் நிறை, பெறுபவரின் நிறையைவிட 30 வீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 70 கிலோ உள்ள சராசரி ஆணின் இதயம் எவருக்கும் போதும். ஆணுக்குப் பெண்ணின் இதயம் என்றால், நிறை 20 வீதத்துக்கு மேல் குறையும்போது யோசிக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டியிலும் இவைதான் இருந்தன. இந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் தம்பிக்கு வந்த இதயம் தாராளம். அவருக்கு 52, அந்தப் பெண்ணுக்கு 60.

ஆனால் நிறை என்பது தசை மட்டுமல்ல. கொழுப்பு சேர்ந்து 20 கிலோ கூடினவருக்கு இதயமும் அதே வீதத்தில் வளர்வதில்லை. ஒரே உயரம், ஒரே நிறை, ஒரே வயது உள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்தாலும் இதயத் தசை ஒன்றாக இருக்காது. இப்போது நல்ல மையங்கள் கையாளுவது இதயத் தசையின் எடையை ஊகிக்கும் கணக்கு. அமெரிக்காவில் இதயநோய் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களின் நெஞ்சை எம்.ஆர்.ஐ. எடுத்து, வயது, பால், உயரம், நிறை இந்த நான்கையும் வைத்து இடது, வலது கீழறைகளின் தசை எத்தனை கிராம் இருக்கும் என்று சொல்லும் சமன்பாடுகளை உருவாக்கினார்கள். அதன்படி 40 வயது, 170 சென்ரிமீற்றர், 70 கிலோ என்றால் ஆணுக்கு ஏறக்குறைய 171 கிராம், பெண்ணுக்கு 144. தராசு இருவரையும் சமம் என்று சொல்லும்போது இதயம் 16 வீதம் வித்தியாசப்படுகிறது.

உங்கள் தம்பியின் எண்களை இருந்து போட்டுப் பார்த்தேன். 52 கிலோவில் அவருக்கு 143 கிராம் வருகிறது. அந்தப் பெண்ணுக்கு 126. கொடுப்பவரின் எண்ணைப் பெறுபவரின் எண்ணால் வகுத்தால் 0.88. 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்று, இந்த விகிதம் 0.86க்குக் கீழே போகும்போதுதான் முதல் வருடத்தில் இறப்பு கூடுகிறது என்று கண்டது. அப்படியென்றால் அந்த இதயம் சிறியது, ஆனாலும் எல்லைக்குள் நிற்கிறது.

இப்போது அதே கணக்கை அவர் வீங்கியிருந்தபோது இருந்த 61 கிலோவில் போட்டுப் பாருங்கள். அவருடைய எண் 157 கிராம் ஆகிவிடும். விகிதம் 0.81. எல்லைக்கு வெளியே! அந்த 9 கிலோவும் காலிலும் வயிற்றிலும் தேங்கிய தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு இதயத் தசை எதுவும் கிடையாது. ஆனால் வீங்கியிருந்த நாளில் எழுதிய நிறை பதிவுத்தாளில் அப்படியே கிடந்தால், பொருந்தக்கூடிய ஓர் இதயம் பொருந்தாது என்று திரும்பிப் போய்விடும். நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான். நீர் வற்றிய நிறை எது, எந்தத் திகதியில் எடுத்தது என்பதை நீங்களே போன் பண்ணி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். அவர்கள் பதிவில் எது இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. சிலர் நோயில் உருகி எலும்பும் தோலுமாக இருப்பார்கள். புது இதயம் வைத்தபின் சாப்பாடு பிடித்து 10 கிலோ ஏறும். அவர்களுக்கு மெலிந்த நிறையை மட்டும் வைத்து அளவு பார்த்தால் இதயம் பின்னால் சிறிதாகிப்போகும். உங்கள் தம்பி எப்போதும் 53தான் என்பதால் இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. ஆனாலும் நோய்க்கு முந்திய நிறையையும் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. அந்த எம்.ஆர்.ஐ. ஆய்வில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீன வம்சாவளியினர் இருந்தார்கள். எங்களைப் போன்ற தெற்காசியர் அதில் இல்லை. அதனால் 0.86 என்பதை நான் வேலிக்கம்பி மாதிரி எடுத்துக்கொள்ளமாட்டேன். சென்னையில் இருக்கும் அனுபவமுள்ள குழு, கொடுப்பவரின் எக்கோவையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுக்கும்.

என் பழைய தொழிலின் கணக்கையும் சொல்கிறேன். சத்திரசிகிச்சைக்கு முன் உயரத்தையும் நிறையையும் வைத்து உடல் மேற்பரப்பைக் கணக்கிட்டு, ஒரு சதுர மீற்றருக்கு நிமிடத்துக்கு 2.4 லீற்றர் என்று இரத்தம் ஓட்டுவோம். உங்கள் தம்பிக்கு 3.7 லீற்றர் வரும். அந்தப் பெண்ணின் உடலுக்கு 3.9. ஓய்வாக இருக்கும் உங்கள் தம்பியின் உடலுக்கு இரத்தம் கொடுக்க அந்தப் பெண்ணின் இதயம் போதும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சோதனை வருவது வேறு இடத்தில்.

புது இதயத்தைத் தைத்து முடித்து, இயந்திரத்திலிருந்து நோயாளியை விடுவிக்கும் நேரம் வரும். நான்கு லீற்றரிலிருந்து மூன்று, இரண்டு, ஒன்று என்று நான் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு வருவேன். அப்போது எல்லோருடைய கண்ணும் இதயத்தின் வலது பக்கத்தில்தான் இருக்கும். பல வருடம் இடது பக்கம் பலவீனமாக இருந்த நோயாளியின் நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறியிருக்கும். அவருடைய பழைய இதயத்தின் வலது அறை மெல்ல மெல்ல அதற்குப் பழகித் தடித்திருக்கும். புதிதாக வந்த இதயத்தின் வலது அறைக்கு அந்தப் பழக்கம் இல்லை; அதன் சுவர் மெல்லியது. சமதரை வயலுக்கு நீர் இறைத்த சின்ன பம்பைத் திடீரென்று மேட்டுக்காணிக்கு இறைக்க வைத்தால் எப்படித் திணறுமோ, அதுதான் அங்கே நடக்கும். ஆகவே நுரையீரல் அழுத்தம் கூடியவருக்குக் கொஞ்சம் பெரிய இதயத்தையே தேடுவார்கள். அழுத்தம் சாதாரணமாக உள்ளவருக்குக் கொஞ்சம் சிறியதும் போதும்.

ஆகவே பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் கேளுங்கள்: வலது பக்கக் கதீற்றர் பரிசோதனையில் (மெல்லிய குழாயை இதயத்தின் வலது பக்கத்துக்குள் விட்டு அழுத்தம் அளப்பது) தம்பியின் நுரையீரல் அழுத்தமும் தடையும் எவ்வளவு, மருந்து கொடுத்தால் இறங்குகிறதா, அதை வைத்து எந்த விகிதம்வரை ஏற்பீர்கள்? பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள். அது கையில் இருந்தால் நடு இரவில் போன் வரும்போது வீட்டில் வாக்குவாதம் வராது. ஓர் இதயத்தை எடுத்ததிலிருந்து பொருத்தி இரத்தம் ஓடும்வரை ஏறக்குறைய நான்கு மணித்தியாலத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். அந்த நேரக்கணக்குக்குள் குடும்பம் கூடிப் பேச இடமில்லை. இந்தியாவில், உள்நாட்டு நோயாளிகள் எவருக்கும் பொருந்தாதபோதுதான் வெளிநாட்டவருக்கு இதயம் வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். வந்ததைப் பிழையான காரணத்துக்காக விடக்கூடாது.

கேள்வி: எக்கோ எடுத்தபோது என் மாமாவின் இடது கீழறை 7 சென்ரிமீற்றர் என்று எழுதியிருக்கிறார்கள். மாற்று இதயம் வைப்பதானால் அதுவும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமா? பெரிய இதயம் நல்லது என்றால் எல்லோருக்கும் உயரமான ஆண்களின் இதயத்தையே வைக்கலாமே?
- உயர்தர உயிரியல் மாணவி, கிளிநொச்சி

பதில்: நல்ல கேள்வி பிள்ளை. உன் மாமாவின் இதயம் பெருத்தது வளர்ச்சியால் அல்ல. தளர்ந்த தசை இழுபட்டு விரிந்திருக்கிறது. ஆரோக்கியமான ஆணுக்கு அந்த அளவு 6 சென்ரிமீற்றருக்குள் இருக்கும். புது இதயத்தை அவரின் உடம்புக்குத்தான் அளவு பார்ப்பார்கள், பழைய இதயத்துக்கு அல்ல.

ஆனால் அந்த விரிந்த இதயம் ஒரு நன்மை செய்துவைத்திருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் உறையும் வருடக்கணக்கில் விரிந்து, நெஞ்சுக்குள் இடம் உண்டாக்கியிருக்கும். ஆகவே அவருக்குக் கொஞ்சம் பெரிய இதயம் வந்தாலும் உட்காரும். இதயம் விரியாமல் விறைத்துப்போகும் வேறு வகை நோய் உண்டு. அந்த நோயாளிகளுக்கு இடம் சிறியதாகவே இருக்கும். அங்கே பெரிய இதயம் ஆபத்து. மேசையில் நெஞ்சு திறந்து கிடக்கும்போது எல்லாம் அழகாக இயங்கும். நெஞ்செலும்பைக் கம்பியால் இழுத்துக் கட்டும்போது இரத்த அழுத்தம் விழும். ஏனென்றால் எலும்பு இதயத்தை அழுத்துகிறது, மெல்லிய சுவருள்ள வலது அறைகள் முதலில் நசிகின்றன, உள்ளே இரத்தம் நிரம்ப இடமில்லை. அப்போது எலும்பைக் கட்டாமல் விட்டு, மேலே மூடி, சில நாள் கழித்து வீக்கம் வற்றியபின் மூடுவார்கள். பெரிய இதயம் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியை அமுக்கிவிடுவதும் உண்டு. சில மையங்கள் சி.ரி. ஸ்கான் எடுத்து நெஞ்சுக்குள் உள்ள இடத்தையே அளந்துவிடுகின்றன. எனக்கு அது மிகவும் பிடித்த முறை.

பழைய இதயத்தை எடுக்காமலே பக்கத்தில் இன்னொன்றைப் பொருத்தும் வழியும் இருக்கிறது. 1974இல் பர்னாட்தான் அதையும் தொடங்கினார். நுரையீரல் அழுத்தம் கூடியவர்களுக்கும், கிடைத்த இதயம் சிறியதாக இருந்தவர்களுக்கும் அதைச் செய்தார்கள். ஒரு நெஞ்சுக்குள் இரண்டு இதயம். இப்போது மிக அரிது.

கேள்வி: ஐயா, எனக்கு 67 வயது. கமம் செய்து வாழ்ந்தவன், நெஞ்சுவருத்தம் எதுவும் இல்லை. என் மகனும் நானும் ஒரே உயரம், ஒரே இரத்த வகை. அவனுக்கு இதயம் பழுது என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் கொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். நான் வாழ்ந்து முடித்தவன். என் இதயத்தை அவனுக்குக் கொடுக்க ஒழுங்கு செய்ய முடியுமா?
- ஒரு தகப்பன், துணுக்காய்

பதில்: அண்ணை, உங்கள் கடிதத்தை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டுத்தான் பிறகு வந்து மிச்சத்தை வாசித்தேன்.

முடியாது. சிறுநீரகம் இரண்டு இருக்கிறது, ஒன்றோடு வாழலாம். இதயம் ஒன்றுதான். உயிரோடு இருக்கும் ஒருவரின் இதயத்தை எடுத்து அவரைச் சாகவிட எந்தச் சட்டமும் இடம் கொடுக்காது, எந்த டொக்டரும் கை வைக்கமாட்டார். எங்கள் நாட்டில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம்தான் உறுப்பு மாற்றத்தை ஒழுங்குபடுத்துகிறது. உயிரோடு இருப்பவர் இதயம் கொடுக்கும் ஒரே சந்தர்ப்பம், நுரையீரல் நோயாளி ஒருவருக்கு வேறொருவரின் இதயத்தையும் நுரையீரலையும் ஒன்றாக வைக்கும்போது, அந்த நோயாளியின் நல்ல இதயத்தை இன்னொருவருக்குக் கொடுப்பது. அது உங்களுக்குப் பொருந்தாது.

உங்கள் உயரமும் இரத்த வகையும் ஒத்திருந்தாலும் 67 வயது இதயத்தை அவர்கள் விரும்பமாட்டார்கள். வயது ஏற ஏற இதயத்தின் சொந்த இரத்தக்குழாய்களில் அடைப்பு ஒளிந்திருக்கும். இதை நான் சொல்வது, வழி இருந்தும் கொடுக்காமல் விட்டோமே என்ற எண்ணம் உங்களை அரிக்கக்கூடாது என்பதற்காக.

இலங்கையிலும் இப்போது இது நடக்கிறது, 2017இல் கண்டி போதனா வைத்தியசாலையில் முதல் இதய மாற்று நடந்தது. மகனைப் பார்க்கும் இதய டொக்டரிடம், அவரை மாற்றுக்கு மதிப்பிட அனுப்பும் நிலையா என்று கேளுங்கள். எல்லா இதயப் பழுதும் மாற்றில் முடிவதில்லை. மருந்திலேயே நிமிர்ந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கொடுக்கவே விரும்பினால், காலம் முடிந்து இறந்தபின் கண்ணைக் கொடுக்கலாம். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கை கண்தான சங்கத்தில் பதியலாம். விழிவெண்படலத்துக்கு உயரமும் பார்க்கத் தேவையில்லை, நிறையும் பார்க்கத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருத்திக்கு 7 வயது, 16 கிலோ. மாற்று இதயம்தான் வழி என்று சொல்லிவிட்டார்கள். இந்த வயதில் இறக்கும் பிள்ளைகளிடமிருந்து மட்டும்தான் இவளுக்கு இதயம் கிடைக்குமா? நினைக்கவே முடியவில்லை.
- ஆசிரியை, நெடுங்கேணி

பதில்: ரீச்சர், அதே வயதுப் பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இந்த அளவுக் கணக்கு தாராளமானது. கொடுப்பவரின் நிறை பிள்ளையின் நிறையைப் போல இரண்டு மடங்குவரை சாதாரணமாக ஏற்பார்கள். இதயம் விரிந்து நெஞ்சில் இடம் உள்ள பிள்ளைக்கு மூன்று மடங்குவரைகூடப் போயிருக்கிறார்கள். 16 கிலோப் பிள்ளைக்கு 32 கிலோ உள்ளவரின் இதயம் வரலாம், இடம் இருந்தால் அதற்கும் மேலே. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும், மிகச் சிறிய உடம்புள்ள பெரியவர்களும் அந்த எல்லைக்குள் வருவார்கள்.

2008இல் சென்னையில் நடந்ததைத் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிவார்கள். திருக்கழுக்குன்றத்து வைத்தியத் தம்பதியின் மகன் ஹிதேந்திரனுக்கு 15 வயது. விபத்தில் மூளைச்சாவு. பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுத்தார்கள். அவனுடைய இதயம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குப் போனது. அந்தப் பெற்றோர் இருவரும் டொக்டர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று முழுமையாகத் தெரிந்து அந்தக் கையெழுத்தை வைத்தார்கள். தமிழ்நாட்டில் உறுப்புக்கொடை அதன் பிறகுதான் வீடுகளில் பேசும் விடயமாக மாறியது.

மிகப் பெரிய இதயம் வைத்தால் பிள்ளையின் சிறிய உடம்புக்குள் இரத்தம் வேகமாகப் பாய்ந்து, முதல் நாட்களில் இரத்த அழுத்தம் ஏறும், தலையிடியும் வலிப்பும் வரலாம். அதை எதிர்பார்த்தே ஐ.சி.யூ.வில் மருந்து கொடுப்பார்கள். பிள்ளை வளர, வைத்த இதயமும் அவளோடு வளரும். அதனால் பெரியவளானபின் இந்த இதயம் காணாது என்று இப்போதே கவலைப்படாதீர்கள். கைக்குழந்தைகளுக்கு இன்னொரு சலுகை இருக்கிறது. அவர்களின் உடம்பில் இரத்த வகைக்கு எதிரான பொருட்கள் இன்னும் உண்டாகாததால் வேறு இரத்த வகை இதயத்தையும் ஏற்கும். ரொறன்ரோ மருத்துவர்கள் 2001இல் அதை வெளியிட்டார்கள். 7 வயதில் அந்தச் சலுகை கிடையாது, இரத்த வகை ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: இதயம் மாற்றிவந்த என் அயலவருக்கு சும்மா இருக்கும்போதே நாடி 100 அடிக்கிறது. சிறிய இதயத்தை வைத்துவிட்டார்களா?
- வாசகர், மல்லாவி

பதில்: இல்லை. இதயத்தை எடுக்கும்போது அதற்குப் போகும் நரம்புகள் வெட்டுப்படும். வேகத்தைக் குறைக்கச் சொல்லும் நரம்பு இல்லாததால் அது தன் சொந்த வேகத்தில், 90 முதல் 110வரை அடிக்கும். எந்த அளவு இதயமாக இருந்தாலும் அப்படித்தான். அவர் நடக்கத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஐந்து நிமிடம் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள், அவரின் இதயம் கூடுவதும் குறைவதும் தாமதமாகத்தான். நெஞ்சுவலி என்ற எச்சரிக்கையும் அவருக்கு வராமல் போகலாம், ஆகவே கிளினிக்கைத் தவறவிடக்கூடாது.

கேள்வி: 2009இல் இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவன் நான். இப்போது இதயம் 20 வீதம்தான் வேலை செய்கிறது. மாற்றுக்கு மதிப்பிட அனுப்புகிறோம் என்கிறார்கள். உயரமும் நிறையும் பார்த்துத்தான் இதயம் தேடுவார்கள் என்று இந்தப் பகுதியில் வாசித்தேன். என் உயரம் எது? கால் இல்லாதவன் என்று தள்ளிவிடுவார்களா?
- வாசகர், முள்ளியவளை

பதில்: தம்பி, கால் இல்லாததற்காக ஒருவரை இதய மாற்றிலிருந்து தள்ளுவதற்கு மருத்துவக் காரணம் கிடையாது. அப்படி எவராவது சொன்னால் எழுத்தில் காரணம் கேளுங்கள். எங்கள் மண்ணில் உங்களைப் போல எத்தனை பேர். அவர்களுக்காக இந்தக் கணக்கைச் சரியாகப் போடக் கற்றுக்கொள்ள வேண்டியது ஆஸ்பத்திரிகள்தான்.

உயரத்தைக் கைகளால் எடுக்கலாம். சுவரில் முதுகைச் சாய்த்து இருந்து, இரண்டு கைகளையும் தோள் மட்டத்தில் நேராக விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது உயரத்துக்கு ஏறக்குறைய சமம், சில சென்ரிமீற்றர் கூடலாம். உயரத்தில் சின்னப் பிழை வந்தாலும் பெரிதாகக் கெட்டுப்போகாது. 168க்குப் பதிலாக 160 என்று போட்டால் இதயத் தசைக் கணக்கு ஏறக்குறைய 3 வீதம்தான் மாறும். ஆனால் கால் இல்லாமல் இருக்கும் நீளத்தை உயரம் என்று எழுதிவிட்டால் பிழை பெரிது. அப்படி எழுதவிடாதீர்கள்.

நிறை எடுக்கும்போது ஜெய்ப்பூர் கால்கள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு காலும் பாதமும் சேர்ந்து உடல் நிறையில் ஏறக்குறைய 6 வீதம். இரண்டும் இல்லாத உங்களுக்கு 12 வீதம் குறைந்திருக்கும். தராசில் 46 கிலோ என்று வந்தால், கால்களோடு இருந்திருக்கக்கூடிய நிறை 52 கிலோ. கொடுப்பவரைத் தேடும்போது இரண்டில் எதை எடுப்பது என்பதைக் குழுதான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு எண்ணும் கிளினிக் கொப்பியில் தெளிவாக, எது எது என்று குறித்து இருக்க வேண்டும். நீர் கோத்த காலத்து நிறையா, வற்றிய நிறையா என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தண்ணிக் குளிசை எந்த அளவில் எடுக்கிறீர்கள் என்பதும் அதோடு இருந்தால் நல்லது.

உங்களுக்கு உண்மையான சிரமம் வரப்போவது வேறொன்றில். நெஞ்செலும்பைப் பிளந்து கட்டியபின் ஆறு முதல் எட்டு வாரம் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கக்கூடாது, எலும்பு பொருந்தாமல் போகும். நீங்கள் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவதே கைகளை ஊன்றித்தானே. ஆகவே சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிப்பதற்கு முன்பே பிசியோதெரபிஸ்டிடம் இதைக் கதையுங்கள். பலகை வைத்துச் சறுக்கி மாறும் முறையை இப்போதே பழகலாம். அந்த எட்டு வாரமும் தூக்கிவிட வீட்டில் பலமான ஆள் ஒருவர் வேண்டும். அது யார் என்று இப்போதே பேசி வையுங்கள்.